கயிறு பிடித்தவனிடம் சொன்னது

குடலிறக்க ஆபரேஷன் ஆகி அரை வருஷம் வீட்டில் கிடந்ததில், லைட்ஹவுஸ் குப்பத்துத் தசரதனுக்கு வயிறு முன்னால் வந்துவிட்டது. கடலுக்கடியில் வலை மாட்டிக்கொண்டால் மூழ்கிப்போய் விடுவிக்கிற ஆள் அவன். அந்த வேலைக்குத் தன்னை விட்டால் ஆளில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான், கேட்பவர்களும் மறுத்ததில்லை. இப்போது ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்தாலே மேல்மூச்சு வாங்கியது.

படகுக்காரர் வீரராகவன் நல்ல மனிதர். தசரதனின் இடத்தில் பிரதாப் என்கிற இளைஞனைத் தற்காலிகமாக ஏற்றிக்கொண்டு, ஆடியில் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வரைக்கும் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார். கூழ் ஊற்றிய மறுநாள்தான் குப்பத்தில் யாருக்கு எந்தப் படகு என்று முடிவாகும். அன்றைக்குப் போன இடம் அடுத்த ஆடிவரை திரும்பாது.

அதற்குள் உடம்பைத் தேற்றியாக வேண்டும். தினமும் விடிகாலையில் லைட்ஹவுஸிலிருந்து முகத்துவாரம்வரை மணலில் ஓடுவது, சோற்றைக் குறைப்பது என்று முடிவு செய்தான். தனியாக ஆரம்பித்தால் நாலே நாளில் போர்வையை இழுத்து மூடிக்கொள்வோம் என்பதும் அவனுக்குத் தெரியும். கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும். கண்ணப்பனிடம் போனான்.

அதே படகில் அவனுக்குக் கயிறு பிடிக்கிறவன் கண்ணப்பன். தசரதன் இடுப்பில் கயிற்றோடு மூழ்கினால் மறுமுனை இவன் கையில் இருக்கும். கயிறு பிடிக்கிறவனிடம் மூழ்குகிறவன் எதையும் மறைக்கக்கூடாது. காது அடைத்திருக்கிறதா, முந்தின நாள் குடித்தானா, வீட்டில் சண்டையா, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். மேலே இருப்பவன் அதற்குத் தக்கபடி இழுப்பான். பல வருஷமாய் ஊறிப்போன பழக்கம், கரையிலும் அவனை விடவில்லை. பிரதாப், கண்ணப்பன் பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. அது தசரதனுக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை.

ஓடி முடித்ததும் கண்ணப்பன் வீட்டு வாசலில் நின்று ஒப்பிப்பான். பாதியில் உட்கார்ந்தது, பழவேற்காடு பஜாரில் பரோட்டா தின்றது, ஒன்றையும் விடமாட்டான். கண்ணப்பனும் சும்மா விடுகிறவன் இல்லை. "வயித்துல இன்னாடா, கன்னுக்குட்டி வெச்சிகினு கீறியா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பான். தசரதன் சிரித்துக்கொண்டே போய், மறுநாள் கூடக் கொஞ்சம் ஓடுவான்.

ஒருநாள் பழைய சோறும் கருவாடும் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடியவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் படுத்துவிட்டான். நாலு ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டது. மனைவி எல்லம்மா பயப்படுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை. கண்ணப்பனிடம் சொன்னான்.

ஆனி முடிவதற்குள் வயிறு உள்ளே போயிற்று. எல்லம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, இதற்குள் இன்னொரு ஆள் குடியிருக்கலாம் என்று கேலி செய்தாள். முகத்துவாரம் போய்த் திரும்பும்வரை எங்கும் நிற்காமல் ஓடினான். அதையும் கண்ணப்பனிடம்தான் முதலில் சொன்னான்.

கூழ் ஊற்றிய மறுநாள் வலைக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். வீரராகவன் அவன் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"தசரதா, மாரு வலின்னு மணல்ல படுத்துட்டியாமே. நடுக்கடல்ல உனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எல்லம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அந்த விஷயம் தெரிந்த ஆள் ஒருவன்தான். அவன் குனிந்து வலையில் சிக்கியிருந்த சிப்பியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். இப்போதே ஓடிக் காட்டுகிறேன், மூழ்கிக் காட்டுகிறேன் என்றான் தசரதன். வீரராகவன் கையமர்த்தினார். தினமும் விசாரித்துக்கொண்டிருந்தவனே சொல்லும்போது ஓடிக் காட்ட என்ன இருக்கிறது என்றார். பிரதாப்பின் பெயரே நிலைத்தது.

கூட்டம் கலைந்ததும் தசரதன் கண்ணப்பனை மறித்தான்.

"நான் பொய்யாடா சொன்னேன்? நடந்ததத்தானே சொன்னேன். உன் உசுருக்கோசரம்" என்றான் கண்ணப்பன்.

"பொய் சொல்லல மச்சான். படுத்த ஒருநாள சொன்னியே, நிக்காம ஓடுன நாளெல்லாம் அவராண்ட இன்னாத்துக்கு சொல்லல?"

கண்ணப்பன் பேச்சை மாற்றினான். பிரதாப்புக்குப் பெண் பார்த்திருப்பதாகவும், நிலையான படகு இருந்தால்தான் தருவோம் என்று பெண் வீட்டில் சொல்வதாகவும் மெல்ல இழுத்தான்.

இப்போது தசரதன் பசியாவரம் பக்கம் ஏரியில் குந்தி உட்கார்ந்து, கையால் துழாவி இறால் பிடிக்கிறான். ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஆனால் கண்ணப்பன் வீட்டுத் தெருவை விட்டுச் சுற்றிப் போகிறான்.

போன வாரம் ஓடும்போது கால் பிசகி முட்டி வீங்கிவிட்டது. அன்று மத்தியானம் சோறு போடும்போது, கண்ணப்பன் வழியில் நிறுத்தி, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்ததாக எல்லம்மா சொன்னாள்.

"நல்லா கீறேன்னு சொல்லு."

"இன்னாய்யா, நொண்டிகினு வந்தாமாரி இருந்துச்சே?" என்று அவள் குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல" என்று லுங்கியை முட்டிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, குழம்பு ஊற்றச் சொன்னான்.