இடப்பக்கத்து சீட்

பிள்ளையார்பாளையத்தில் அமாவாசையன்று தறிச் சத்தம் கேட்காது. நெசவாளிக்கு அன்றுதான் லீவு. சிலர் கோயிலுக்குப் போவார்கள், சிலர் சினிமாவுக்குப் போவார்கள், பலர் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். மயில்வாகனம் மட்டும் குழிக்குள் இறங்குவார்.

அது தறிக்குழி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காருவதற்காக வெட்டியது. அவருடைய தம்பி முசரவாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு, தன் தறியையும் கழற்றி எடுத்துப்போன பிறகு, தெருப்பக்கத்து அறையில் அந்தக் குழி சும்மா கிடந்தது. இப்போது அதன்மேல் ஒரு கார் நிற்கிறது. குழிக்குள் உட்கார்ந்து அண்ணாந்தால் வண்டியின் வயிறு கைக்கு எட்டும்.

"ஷெட்டுல இதுக்குன்னு தனியா பள்ளம் வெட்டுவாங்க கலா. நமக்கு எங்க தாத்தாவே வெட்டி வெச்சிட்டுப் போயிருக்காரு பாரு" என்பார் மனைவியிடம்.

"உங்க தாத்தாவுக்கு இது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே மண்ணப் போட்டு மூடியிருப்பாரு" என்பாள் கலாவதி.

கார் என்றால் குடும்பத்தோடு திருப்பதி போகிற கார் அல்ல. கூரை கிடையாது. இரண்டே பேர் உட்காரலாம். இதைச் செய்த கம்பெனியை இழுத்து மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று. திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு சமண நயினார் வீட்டுக் கொட்டகையில், பூனை குட்டி போட்டிருந்த நிலையில் அதைக் கண்டுபிடித்து, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அறைக்குள் நுழைக்க வாசல் சுவரை இடித்து ஷட்டர் போட வேண்டியிருந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது. கலாவதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த வினை. சென்னைக் கடைக்குப் புடவை கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் கூட்டம் தெரிய, மனிதர் பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டார். தரையில் 'கோன்' என்று பிளாஸ்டிக் கூம்புகளை நட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு காராக அவற்றுக்கிடையே வளைந்து நெளிந்து ஓடி வர, எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்தார்கள். கூம்பை இடித்தால் நேரம் கூடும். வழி மாறிப் போனால் அந்த ஓட்டமே செல்லாது. ஆட்டோகிராஸ் என்றார்கள். பொழுது சாயும்வரை நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்ததுமே கலாவதிக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் அவளைப் பார்த்த முகம் அது.

மெக்கானிக் தனசேகரன் கூட்டாளியானான். துருப்பிடித்த தளத்துக்குத் தகரம் வைத்துப் பற்றவைத்தான். ஸ்பிரிங், பிரேக், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, மாட்டி, மறுபடி கழற்றினார்கள். சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வண்டியின் இரண்டு பக்கமும் நூல் கட்டி அளக்க வேண்டும் என்றான் தனசேகரன். நூலுக்கா பஞ்சம்? பட்டு நூலை எடுத்துவந்து பாவு இழுப்பதுபோல் இழுத்துக் கட்டினார் மயில்வாகனம். இடப்பக்க நூலைக் கலாவதி பிடித்துக்கொண்டாள். எரிச்சலோடுதான் பிடித்தாள். ஆனாலும், "முன் சக்கரம் வெளிய பாக்குதுங்க, இன்னும் கொஞ்சம் உள்ள" என்று அவளுக்கே சொல்ல வந்துவிட்டது.

அவளுடைய எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. முகூர்த்த ஆர்டர் தலைக்குமேல் நின்றது. அந்த அறையில் இன்னொரு தறி போட்டால் ஆள் வைத்து நெய்யலாம்.

"ஒரே ஒரு போட்டி கலா. மூணு ரன்னு குடுப்பாங்க. அதுல ஒண்ணாவது செல்லி, போர்டுல என் பேருக்கு நேரா ஒரு டைம் வந்துட்டா போதும்."

"வரலன்னா?"

"வண்டிய வித்துட்டு அந்தக் குழியிலயே தறி ஏத்திடலாம். காமாட்சி மேல சத்தியம்."

அதோடு விட்டிருக்கலாம். போட்டிக்கு எடை குறைய வேண்டும் என்று மிதியடி விரிப்பு போயிற்று, ஸ்டெப்னி போயிற்று, ஒருநாள் இடப்பக்கத்து சீட்டும் பரணுக்குப் போயிற்று.

"அப்போ நான் எங்க உக்கார்றது?"

"போட்டியில ஒருத்தர்தான் போவாங்க. வெயிட்டு கொறையணும் இல்ல?"

"ஓ, நான் வெயிட்டா?"

அதன்பிறகு இரண்டு நாள் தறிப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. தறிப் பேச்சை நிறுத்த முடியாது. கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம்; இரண்டையும் கோத்து நெய்யும்போது ஒரு பக்கத்துக் கரைக்கு, நூல் சுற்றிய நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து கலாவதி அவருக்கு இடப்பக்கம்தான். வாயால் சொல்லமாட்டார். தாடையை லேசாக இடப்பக்கம் அசைப்பார். அவள் நாடாவைத் தள்ளுவாள். அவள் அந்தப் பக்கம் இல்லாமல் ஓர் அங்குலம் நெய்யத் தெரியாத மனிதருக்கு, சீட்டைக் கழற்றும்போது மட்டும் அது ஞாபகம் வரவில்லை. ஆண்பிள்ளை புத்தி!

போட்டிக்குக் கலாவதியும் போனாள். தறி போட ஆசாரிக்கு எப்போது சொல்லலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்று தனசேகரனிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை.

கடைசிக் கூம்பு ஒன்று தனியாக நின்றது. அதை இடப்பக்கம் வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும். மயில்வாகனம் அந்தப் பாதையை நடந்து பார்த்தார், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். முதல் ஓட்டத்தில் வண்டி அழகாகப் போயிற்று. ஒரு கூம்பும் சாயவில்லை. கடைசிக் கூம்புக்கு வந்ததும் கை தானாகத் திரும்பி, அதை வலப்பக்கம் வைத்துப் பக்தியோடு ஒரு சுற்று சுற்றி வந்தது.

"ராங் கோர்ஸ்" என்றது மைக். போர்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார்கள்.

திங்கள் தவறாமல் ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தை வலம் வருகிறவர். நடுவில் ஒன்று நின்றால் அதை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்றவேண்டும் என்று நடக்கப் பழகியபோதே பழகிவிட்ட உடம்பு. அதற்குப் பிளாஸ்டிக் கூம்பு என்ன, மாமரம் என்ன?

"மயிலண்ணா, நவகிரகத்துல கடைசி ரெண்டு சுத்து ரிவர்ஸ்ல சுத்துவாங்களே, அப்படி நெனச்சிக்கோண்ணா" என்றான் தனசேகரன்.

"எங்க வூட்ல அந்தப் பழக்கம் கெடையாதுபா."

இரண்டாவது ஓட்டத்தில் கூம்புக்கு முன்னால் வண்டியை நிறுத்தியே யோசித்தார். யோசித்துவிட்டு மறுபடியும் வலம் வந்தார். மைதானமே சிரித்தது. போர்டில் இன்னொரு கோடு. கலாவதிக்குக் கண் எரிந்தது. யாரடா சிரிக்கிறது என்று கேட்டுவிட வேண்டும்போல் இருந்தது.

மூன்றாவது ஓட்டத்துக்கு வரிசையில் நின்ற வண்டியிடம் போனாள். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஆசாரிக்குச் சொல்லிடு கலா. தறி ஏத்திடலாம்."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அது தனக்குத் துளியும் வேண்டாம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஏங்க, தறியில நான் எந்தப் பக்கம் உக்காந்துக்கினு இருக்கேன்?"

"இன்னா?"

"எந்தப் பக்கம்னு கேட்டேன்."

சீட்டில்லாத வெற்றிடத்தைக் கை காட்டினார். "இந்தப் பக்கம்."

"கோனும் என் பக்கம். லெஃப்ட்டு ரைட்டு எல்லாம் மறந்துடுங்க. கோன என் பக்கம் வெச்சுக்கினு சுத்துங்க, அவ்ளோதான்."

கொடி அசைந்தது. வண்டி கிளம்பியது. இந்த முறை வேகம் குறைவு. ஒரு கூம்பு சாயவும் செய்தது. கலாவதி வேறெதையும் பார்க்கவில்லை, கடைசிக் கூம்பையே பார்த்தாள். வண்டி அதை நெருங்கியது. ஹெல்மெட்டுக்குக் கீழே தெரிந்த தாடை லேசாக இடப்பக்கம் அசைந்தது. கயிற்றுக்கு வெளியே நின்றிருந்த அவள் கை தானாக முன்னால் போய், இல்லாத நாடாவைத் தள்ளியது. வண்டி கூம்பை அவள் பக்கம் வைத்து, ஒரு முழுச் சுற்று சுற்றி, கோட்டைத் தாண்டியது.

கடைசியிலிருந்து இரண்டாவது இடம். ஆனாலும் போர்டில் கோட்டுக்குப் பதிலாக ஒரு நேரம் இருந்தது. கலாவதி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்ற பெண், இவளை முதல் பரிசு வாங்கியவரின் மனைவி என்று நினைத்துக் கைகொடுத்தாள்.

அடுத்த அமாவாசைக்கு மயில்வாகனம் பரணில் ஏறி அந்த சீட்டை இறக்கினார். தனசேகரன் பதறிப்போய், வெயிட் ஏறும், டைம் போகும் என்றான்.

"போனாப் போவட்டும்பா. அந்த எடம் காலியா கெடந்தா எனக்கு வண்டி ஓட்ட வரல."

கலாவதி சீட்டின் இடப்பக்க முனையைப் பிடித்துக்கொண்டாள். அவர் குழிக்குள் இறங்குமுன் தாடையை லேசாக அசைத்தார். அவள் சீட்டை அழுத்திக்கொள்ள, அவர் கீழிருந்து போல்ட்டை முடுக்கினார்.