செவலையின் கயிறு

திராட்சைக்கு மருந்தடித்த கையை எத்தனை முறை கழுவினாலும் மயில்துத்த வாடை போகாது. என் பதின்மூன்றாம் வயதில் அப்பாவின் போனிலும் அந்த வாடைதான் அடிக்கும். ஓடைப்பட்டியில் எங்கள் பந்தலுக்கடியில், சூடேறிய அந்தப் போனைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து நான் ஒரு குதிரை வளர்த்தேன். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் இணையத்தில் சேர்ந்து ஆடும் போர் விளையாட்டு அது. தினமும் உள்ளே போய்த் தீனி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குதிரை இளைத்துவிடும். கவாத்து வெட்டியதிலிருந்து பழம் அறுக்கும்வரை ஒரு நாளும் தவறாமல் நான் வைத்த தீனியில் அது செக்கச்செவேலென்று வளர்ந்து நின்றது. சண்டையெல்லாம் சேவியர் அண்ணன் போடுவான், கணக்கும் அவன் பேரில்தான். குதிரை மட்டும் என்னுடையது. மாட்டுக்குச் சொல்வதுபோல் அதற்குச் "செவலை" என்று பேர் வைத்திருந்தேன்.

அந்த மாதிரிக் குதிரைக்கு வெளியே நல்ல விலை உண்டென்று எனக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. தேனியில் பாலிடெக்னிக்கில் அவனுக்கு இடம் கிடைத்த வருஷம் மழையில் பழமெல்லாம் வெடித்துப்போய், முதல் தவணை கட்ட வழியில்லாமல் இருந்தோம். கூடலூரில் ஜீப் ஓட்டுகிற ஒருவரின் மகனுக்குக் கணக்கோடு சேர்த்துச் செவலையை எட்டாயிரத்துக்கு விற்றான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் மாட்டை விற்றால் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். வேதத்துக்கு வந்து, கிறிஸ்தவர்களாகி நாலு தலைமுறையாகியும் இதில் மட்டும் அப்பா மாறவில்லை. "மாடு போகலாம், கயிறு போகக் கூடாது, போனா பட்டியே போயிரும்" என்பார். அதே புத்தியில் அண்ணனும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, கணக்கில் பதிந்திருந்த அப்பாவின் போன் நம்பரை மட்டும் விட்டுவைத்தான். "அது நம்ம கயிறு, இங்கனயே இருக்கட்டும்" என்றான். ஏமாற்றும் எண்ணமில்லை அவனுக்கு. வாங்கியவனும் அதைக் கவனிக்கவில்லை.

கயிறு கையில் இருந்தால் இழுத்துப் பார்க்கத் தோன்றும். பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள், கடவுச்சொல் மறந்துவிட்டதென்று அழுத்தினேன். அப்பா போனுக்கு ரகசிய எண் வந்தது, அதைப் போட்டு உள்ளே போனேன். செவலை எலும்பும் தோலுமாக நின்றது. பேரைக் "கிங்" என்று மாற்றியிருந்தான் வாங்கியவன். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. தீனி வைத்தேன், பேரைத் திரும்பச் "செவலை" என்று மாற்றினேன், கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

உள்ளே போக முடியாமல் அந்தப் பையன் விளையாட்டு நடத்துகிறவர்களுக்குப் புகார் எழுத, காசுக்குக் கைமாறிய கணக்கென்று கண்டு அவர்கள் அதை ஒரேயடியாக முடக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது வாசலில் ஜீப் நின்றது. "மாட்ட வித்துப்புட்டு நீங்களே வந்து அவுத்துட்டுப் போயிட்டீகளே, இதான் உங்க ஊரு வழக்கமா" என்று தெருவே கேட்கும்படி கேட்டார் அந்தப் பையனின் அப்பா. முடக்குவதற்கு முன் விளையாட்டுக் கூட்டாளிகள் எடுத்து அனுப்பிய படத்தைப் பையன் காட்டினான். குதிரையின் தலைக்குமேல் செவலை என்றிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"நீயாலே செஞ்ச?" என்றார் அப்பா அண்ணனிடம்.

"ஆமாப்பா" என்றான் அண்ணன்.

ஆணியில் கிடந்த மாட்டுக்கயிற்றை எடுத்துத்தான் அப்பா அவனை அடித்தார். கதவோரம் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. கட்டிய தவணையைத் திரும்ப வாங்கி ஜீப்காரரிடம் கொடுத்தார்கள், அண்ணனின் படிப்பு அத்தோடு போயிற்று. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிவிட்டான் என்று தெரு சிரித்தது. இறங்கியவன் அண்ணன், தள்ளிவிட்டவள் நான்.

இப்போது அந்த விளையாட்டே இல்லை, எப்போதோ மூடிவிட்டார்கள். எங்கள் தொழுவமும் காலி. நான் படித்து மதுரையில் வேலை பார்க்கிறேன். அண்ணன் கூடலூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறான். கேட்காமல் விற்றானே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. வெட்கம் அதைவிடப் பெரிது. போன கிறிஸ்துமஸுக்குத்தான் அவனிடம் சொன்னேன், அன்றைக்கு உள்ளே போனது நான் என்று.

"தெரியும் ஆத்தா. அந்தப் பேர வேற யாரு வைப்பா" என்றவன், ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"தீனிய மட்டும் வச்சுட்டு வந்திருக்கலாம்ல."