கெசியாவின் பிடி அரிசி

தருமம் செய்கிற வீடுகளை வாயாரப் புகழ்கிறீர்களே, அந்தத் தருமம் யார் வயிற்றிலிருந்து போகிறது என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? தேவசிகாமணி உபதேசியாரும் கேட்டதில்லை. அவராவது ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்து களைத்துப் போகிறவர். உங்களுக்கு என்ன சாக்கு?

1911-இல், பாளையங்கோட்டைக்குக் கிழக்கே வாய்க்கால் கரையோரம் ஒரு சிறு சபைக்கு அவர் உபதேசியார். மனைவி பெயர் கெசியா. அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து, கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போடுவது வழக்கம். கெசியாவின் பிடி பெரிய பிடி. உபதேசியார் வீட்டுக் கலயம் முந்தி நிரம்ப வேண்டாமா? ‘தன்னை வெறுத்தல்’ பற்றி அவர் பேசினால் கேட்பவர்கள் கண்ணீர் விடுவார்கள். பேசிவிட்டு வந்து, இரண்டு தம்பிமாரோடு உட்கார்ந்து, மறுசோறு வாங்கிச் சாப்பிடுவார்.

கெசியா அடுத்த வீட்டுக் காய்ச்சலுக்கும் கஞ்சி தூக்கிக்கொண்டு ஓடுகிறவள். அவள் சாப்பிடுவது எல்லோரும் கை கழுவிய பிறகு. நின்றபடியே, சட்டியைச் சுரண்டி. என்ன தின்றோம் என்று அவளுக்கே தெரியாது. அவளிடம் பால் குடிக்கும் கைக்குழந்தை தானியேலுக்குத் தெரிந்தது. பால் வற்றிப்போய், பிள்ளை அழுது அழுது மெலிந்தான். உபதேசியார் அவனுக்காக உருக்கமாக ஜெபித்தார், சாப்பிட்ட தெம்பில்.

பக்கத்து வீட்டுச் சாரம்மாள் காய்ச்சல் தெளிந்து, கஞ்சிச் செம்பைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வெறும் சட்டி கண்ணில் பட்டது.

“ஏளா கெசியா, ஒனக்குச் சோறு எங்க?”

“எனக்குப் பசிக்கல அக்கா.”

“ஒனக்குப் பசிக்காண்டாம். பிள்ளைக்குப் பசிக்குல்லா? புல்லு போடாம பசுவக் கறக்கப் பாக்குத வீடு இந்த ஊர்ல ஒங்க வீடுதாம்ளா!”

கெசியா சிரித்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுபோயிற்று.

மறுநாளும் பிடி அரிசியைக் கலயத்தில் போட்டாள். சோறு வெந்ததும் நான்கு கும்பாக்களில் சமமாகப் பங்கு வைத்தாள். தன் கும்பாவோடு தரையில் உட்கார்ந்து, பைய மென்று தின்றாள். சுடுசோற்றுக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் இவ்வளவு ருசியா! இதைத் தினமும் ஆக்கியது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

உபதேசியார் மறுசோற்றுக்குக் கும்பாவை நீட்டினார். சட்டி காலி.

“ஏளா, என்ன சோறு கொறஞ்சிருக்கு?”

“கோயிலுக்குப் பிடி அரிசி போட்டேம்லா.”

“அது தெனமும் போடுததுதான? தெனமும் கொறையலையே!”

“தெனமும் கொறஞ்சுது. எங் கும்பால கொறஞ்சுது. நீங்க எப்பம் அங்கன பாத்திய?”

தம்பி அப்பாத்துரைக்குப் புரையேறியது. “அண்ணாச்சி, காணிக்கை குடுத்தா வயிறு இப்பிடித்தான் இருக்குமா? அப்பம் நாம இதுவரைக்கும் குடுத்ததே இல்ல போலுக்கே!”

உபதேசியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “நாளைக்கும் இதே கூத்துதானா?”

“அரிசியக் கூட்டச் சொன்னாக் கூட்டுதேன். பிடியக் கொறைக்கச் சொன்னாக் கொறைக்கேன். எங் கும்பா மட்டும் கொறையாது. பிள்ளைக்குப் பால் வேணும்.”

உபதேசியார் காலிக் கும்பாவைக் கீழே வைத்துவிட்டு, பிடி சற்றுச் சிறிதானாலும் கர்த்தர் ஏற்றுக்கொள்வார் என்று மெல்லிய குரலில் தீர்ப்புச் சொன்னார்.

தானியேல் சில வாரங்களில் தேறினான். அடுத்த வீடுகளுக்குக் கஞ்சி போவதும் நிற்கவில்லை. பிள்ளை தேறியது தம் ஜெபத்தின் பலன் என்று உபதேசியார் ஊரெல்லாம் சொன்னார். கெசியா மறுக்கவில்லை, அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று நீங்கள் சாப்பிட உட்காருமுன், உங்கள் வீட்டில் கரண்டியோடு நிற்பவளை உட்கார வையுங்கள். கரண்டியை வாங்கி அவளுக்கு முதலில் பரிமாறுங்கள். மறுசோறு வேண்டுமா என்றும் கேளுங்கள்.