சம்பந்தியம்மாளுக்கு ஒரு ஆடி அழைப்பு

துணிப்பைதானே என்று வாங்கினேன். கை கீழே இறங்கிவிட்டது. திருவையாற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி, பாபநாசத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றார் என் மகளின் மாமியார். பின்னால் தலை குனிந்து என் மகள். ஆடி பிறக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. முதல் ஆடிக்குப் பெண்வீட்டார்தான் சீரோடு போய் மகளை அழைத்துவர வேண்டும். மாமியாரே கொண்டுவந்து விடுவது எங்கள் பக்கத்தில் கிடையாது. சீர்த்தட்டு ஒன்பதா பதினொன்றா என்று அன்று காலைதான் என் மனைவியோடு வாதாடியிருந்தேன். ஊர் என்ன சொல்லுமோ என்பதே எனக்கு முதலில் வந்த கவலை.

பையில் துணிகளுக்கு அடியில் மகளின் சான்றிதழ்கள், நாங்கள் போட்ட நகை, வெள்ளிக் குத்துவிளக்கு எல்லாம் இருந்தன. ஒரு மாதம் இருந்துவிட்டுப் போக வருகிறவள் கொண்டுவரும் சாமான் அல்ல அது. தண்ணீர்ச் சொம்பை மகள் இடது கையால் வாங்கினாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

சம்பந்தியம்மாள் சுற்றி வளைக்கவில்லை. “ஆவணி பொறந்தா அவன் வந்து கூப்பிடுவான் சம்பந்தி. அழுவான், கால்ல விழுவான். அனுப்பிடாதீங்க. அவங்கப்பாவும் இப்படித்தான் அழுவாரு.” காபியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது. அழுதுகொண்டிருந்த மருமகனிடம் மகள், “நான் வரலைங்க” என்று மட்டும் சொன்னாள். அவன் தனியாகத்தான் திரும்பிப் போனான்.

பெண்கள் மீதான வன்முறை மனித உரிமைப் பிரச்சினை என்று உலக நாடுகள் கூடிப் பேசுவதைச் செய்தித்தாளில் படிக்கிறேன். பேசத்தான் வேண்டும். ஆனால் எந்த நாடானாலும், அடிபட்டவள் இன்று எங்கே போய்ப் படுப்பாள் என்பதுதான் முதல் கேள்வி என்று எனக்குப் படுகிறது. என் மகளுக்குப் போக ஒரு வீடு இருந்தது. அவளைக் கொண்டுவந்து விட்டவருக்குப் பிறந்த வீட்டில் யாரும் மிச்சமில்லை. அவர் திரும்பிப் போனது அதே மகனிடம்தான்.

இதை முதலில் யோசித்தவள் மகள். மறுவருடம் ஆனிக் கடைசியில், “அப்பா, தட்டெல்லாம் எடுத்து வைங்க. அத்தையை ஆடிக்கு அழைச்சிட்டு வந்துடுவோம்” என்றாள். மாமியாரை ஆடிக்கு அழைப்பது எந்த ஊர் வழக்கம் என்று முனகிக்கொண்டேதான் காரில் ஏறினேன்.

மருமகன் வேலைக்குப் போயிருந்தான். கதவைத் திறந்த சம்பந்தியம்மாளின் கன்னத்தில் ஒரு காயம் ஆறிக்கொண்டிருந்தது. பூ, பழம், புடவை என்று தட்டுகளைப் பார்த்துச் சிரித்தார். “யாருக்கு சம்பந்தி இதெல்லாம்? எனக்கா? இந்த வயசுலயா?”

“உங்களுக்குத்தான் அத்தை. கிளம்புங்க.”

சிரிப்பு நின்றது. உள்ளே போனவர் அடுப்பிலிருந்த பாலை இறக்கிவைத்தார், வீட்டைப் பூட்டினார், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார். முன்சீட்டைக் காட்டினேன். மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு மூன்று ஆவணி வந்து போய்விட்டது. இன்றும் அவர் வைத்த சாம்பாரில் உப்பு அதிகம். சொல்லிப் பார்த்தேன். “பிடிக்கலைன்னா நாளைக்கு நீங்க வைங்க சம்பந்தி” என்றார், கரண்டியைக் கீழே வைக்காமல்.