இடப்பக்கம் சுற்றிய ராட்டை

எங்கள் கூட்டத்தில் யாருக்கும் யாரையும் நோகடிக்கத் தெரியாது. அதுதான் எங்கள் வியாதி. மெர்வ் டக்வெல்லைப் பதினோரு வருஷம் அந்த மரியாதையாலேயே வதைத்தோம். எனக்கும் அதில் பங்கு உண்டு, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, தாஸ்மேனியாவின் மலையடிவாரத்தில் எங்கள் ஊர்; ஜூலைதான் எங்களுக்குக் குளிர்காலம். கம்பளி நூற்பவர்களும் சாயம் போடுபவர்களுமாக மாதம் ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் கூடுவோம். ஜூலையில், குளிர் எலும்பு வரைக்கும் போகிற வாரத்தில், நூல் மாற்றிக்கொள்ளும் நாள். அவரவர் நூற்றுச் சாயமிட்ட ஒரு சிட்டம் நூலைச் செய்தித்தாளில் சுற்றி, பெயர் எழுதாமல் மேஜையில் வைக்க வேண்டும். ஒன்று வைத்தவர் ஒன்று எடுக்கலாம். எடுத்த நூலில் எதையாவது பின்னி, அடுத்த ஜூலைக்கு அதை அணிந்து வர வேண்டும். நூற்றவர் அதை அடையாளம் கண்டு எழுந்து "என்னோடது" என்பார். அணிந்தவர் அவருக்குக் கையோடு ஒரு டீ போட்டுக் கொண்டுபோய்த் தர வேண்டும். வேறு பரிசு கிடையாது. ஆனால் அந்த டீக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்போம்.

மெர்வுக்கு அந்த டீ ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை.

ஆப்பிள் லாரி ஓட்டி ஓய்ந்தவர், எழுபத்தெட்டு வயது. அவர் மனைவி வில்மா எங்களுடன் நூற்றவள். அவள் செத்த பிறகு அவளுடைய நாற்காலிக்கு இவர் வந்து சேர்ந்தார். ஒவ்வொரு ஜூலையிலும் தலையைப் படிய வாரிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே வருகிறவர்களின் தலையை, கழுத்தை, கையைப் பார்ப்பார். கொஞ்சம் செம்பழுப்பாக எதையாவது பார்த்துவிட்டால் முன்னால் குனிவார். பிறகு சாய்ந்துகொண்டு, மற்றவர்களுக்குக் கைதட்டுவார்.

அவர் நூலின் நிறத்தில் குறையே கிடையாது. யூகலிப்டஸ் இலையை வேகவைத்து எடுக்கிற சாயம். ஒரு வருஷம் செங்கல், ஒரு வருஷம் துரு, ஒரு வருஷம் நல்ல மஞ்சள். பொட்டலத்தைப் பிரித்ததுமே இலை வாசனை அவர் பெயரைச் சொல்லிவிடும். கோளாறு முறுக்கில். எங்கள் ராட்டை எல்லாம் நூற்கும்போது வலமாகச் சுற்றும், அவருடையது இடமாக. எங்கள் பின்னல் ஊசியில் ஏற்றினால் போதும், நாலு வரிசைக்குள் சேர்த்து முறுக்கிய இரண்டு இழையும் தனித்தனியாகப் பிரிந்து தலைவிரிகோலமாக நிற்கும். யார் கைக்கு வந்தாலும் அது மேஜை டிராயருக்குப் போனது. அவர் கேட்டால், "அருமையான நிறம், மெர்வ்" என்போம். அவர் நூலைக் கேட்பார், நாங்கள் நிறத்தைச் சொல்வோம்.

போன ஜூலையில் அது எனக்கு வந்தது. டீயோடு தின்கிற ஸ்கோன் ரொட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அடுத்த ஜூலை வரைக்கும் பாக்குறேன், க்ளெனிஸ். அதுக்கப்புறம் ராட்டைய யார்கிட்டயாவது குடுத்துடலாம்னு இருக்கேன்."

"ஏன் மெர்வ்?"

"யாருக்கும் வேண்டாத நூலுக்கு, பாவம், ஆட்டை எதுக்குச் செரைக்கணும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டத்தை நடத்துகிற நோலாவிடம் போனேன். "இப்பவாவது சொல்லித் தொலைச்சிடலாம்" என்றேன்.

"பதினோரு வருஷம் கழிச்சா? ஏன் இவ்வளவு நாள் சொல்லலைன்னு கேப்பாரு. பதில் வச்சிருக்கியா?"

இருந்தும் அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன்.

ஜன்னலோரம் இரண்டு நாற்காலி எதிரெதிரே கிடந்தன, இரண்டுக்கும் முன்னால் காலால் மிதிக்கிற ராட்டை ஒவ்வொன்று. ஒன்றின்மேல் துணி போர்த்தியிருந்தது. மெர்வ் மற்றதில் உட்கார்ந்து மிதித்துக் காட்டினார். சக்கரம் இடப்பக்கமாகத்தான் ஓடியது.

"இத யாரு சொல்லிக் குடுத்தது?"

"வில்மாதான். கடைசிக் குளிருக்கு அவளால நடமாட முடியல. அங்க உக்காந்து நூப்பா. நான் இங்க எதிர்ல உக்காந்து, அவ பண்றத அப்படியே பாத்துப் பாத்துப் பண்ணேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்தவருக்கு அவளுடைய வலம் இடமாகத் தெரிந்திருக்கிறது. மனிதர் அதையே பிடித்துக்கொண்டார்.

"அவ ஒண்ணும் சொல்லலையா?"

"சிரிச்சா. ஏன்டின்னு நான் கேட்டதுக்கு, 'வசந்தம் வரட்டும், சொல்றேன்'னா."

வசந்தத்துக்கு அவள் இல்லை. அந்த வீட்டில் மறுபடி வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். அதைத்தானே பதினோரு வருஷமாகச் செய்தோம்.

"மெர்வ், உங்க ராட்டை மாத்திச் சுத்துது. அதான் எங்க ஊசியில நூல் பிரிஞ்சிடுது."

மிதிக்கிற கால் நின்றது.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மொத வருஷத்துலேருந்து."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துணி போர்த்திய ராட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிறம்தான் புடிக்கலையோன்னு நெனச்சேன்" என்றார். "அதான் வருஷா வருஷம் வேற மரமாத் தேடிப் போய் இலை பறிச்சேன்."

நான் அழுதேன். வெட்கமாக இருந்தது. வலமாகச் சுற்றக் காட்டித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்மா. இதுதான் அவ காட்டிக் குடுத்தது."

எங்கள் கூட்டத்தில், நுனியில் கொக்கி வைத்த குரோஷா ஊசிக்கு மதிப்பு இல்லை, மேஜை விரிப்புப் போடுகிற வேலை என்று கேலி பேசுவோம். ஆனால் கொக்கி நூலை இழுக்கிற வாகு வேறு. வீட்டுக்கு வந்து, சின்ன வயதில் பழகிய அந்த ஊசியைத் தேடி எடுத்து மெர்வின் நூலைப் போட்டுப் பார்த்தேன். பிரியவில்லை. போடப்போட முறுக்கு இறுகியது. ஒரு வாரத்தில் காது மூடுகிற மாதிரி ஒரு குல்லாய் தயார். இத்தனை வருஷமும் கோளாறு எங்கள் ஊசியில் இருந்ததே தவிர, அவர் நூலில் இல்லை.

இந்த ஜூலையில் அதைப் போட்டுக்கொண்டு மண்டபத்தின் முன்னால் போய் நின்றேன். நோலா வழக்கப்படி, "யாரோடது?" என்று கேட்டாள்.

மெர்வ் உடனே எழவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குல்லாயைப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்தார்.

"எங்களோடது" என்றார்.

"ஒருத்தர் பேர்தான் சொல்ல..." என்று ஆரம்பித்த நோலா அப்படியே நிறுத்திக்கொண்டாள். கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

நான் டீ போடப் போனேன். கோப்பையில் ஊற்றிப் பாலும் விட்டேன். சர்க்கரைக் கிண்ணத்தில் கரண்டியை வைத்த பிறகுதான் கை நின்றது. நோலாவைப் பார்த்து, "மெர்வுக்கு சக்கரை எத்தனை?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்களையும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமும் தன் டீயை அவரே போட்டுக் குடித்திருக்கிறார்.

கரண்டியைக் கையில் பிடித்தபடி மண்டபத்தைக் கடந்து போய், அவரிடமே கேட்டேன்.