மகளின் சீட்டில் உட்கார்ந்து வந்தவர்

தம்போயில் கார் சீட் தைக்கும் பட்டறை அவருடையது. புருவமெல்லாம் ஸ்பஞ்ச் தூள். எந்தச் சீட்டையும் பிரிப்பதற்கு முன், ஓடும் காரில் தானே அதில் உட்கார்ந்து பார்த்துவிடுவார்.

நான் ஓட்டிய காரை லாரி இடித்ததில் என் மகளின் இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதமாகியிருந்தது. சிகிச்சைக்கு மாதம் ஒருமுறை கோலாலம்பூர் வரை போக வேண்டும். பாதி வழியிலேயே வலியில் உதட்டைக் கடித்துக்கொள்வாள். சீட்டில் தலையணைகளை அடுக்கியும் பயனில்லை. சீட்டையே மாற்றிவிடலாம் என்று அவளோடு அவர் பட்டறைக்குப் போனேன்.

அவர் தலையணைகளை எடுத்துப் போட்டார். மகளைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு அவள் இடத்தில் ஏறிக்கொண்டார்.

"செனாய் வரைக்கும் போய்ட்டு வரலாம்ணே."

திரும்பி வந்ததும் சொன்னார்: "ஸ்பஞ்ச் அமுங்கிருக்கு, மாத்திடலாம். ஆனா லாரியப் பாத்தாலே சடார்னு பிரேக்க மிதிக்கிறீங்க. எனக்கே இடுப்பு புடிச்சிக்கிச்சிலா!"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மகளிடம் கேட்டேன், "ஏம்மா சொல்லல?"

"சொன்னா, கார் ஓட்டுறதையே விட்டுருவீங்கப்பா."

அவர் சீட்டின் போல்ட்டைக் கழற்றியபடியே சொன்னார்: "அப்பாவே ஓட்டட்டும் பாப்பா. தூரத்துல லாரி தெரிஞ்சதும் நீ சொல்லிடு. மெதுவா மிதிப்பாரு."

இப்போது அப்படித்தான் போகிறோம். "லாரிப்பா" என்பாள், நான் காலை மெல்ல அழுத்துவேன். அவளுக்கு வலி குறைந்திருக்கிறது. சீட்டை மாற்றிய அன்று முழுவதும் பட்டறையில் இருந்தோம். பார்க்கிறவர்கள் எல்லோரும் விபத்து எப்படி நடந்தது என்று என்னைக் கேட்பார்கள். அவர் மட்டும் கேட்கவே இல்லை.