வழியாத கஞ்சி

இன்று காலை நாவலூர் ரூமில் என் ரூம்மேட் சத்துமாவுக் கஞ்சி கிண்டினாள். அந்த வறுத்த வாசனை மூக்கில் ஏறியதும் நேராகத் திருவிடந்தை பால்வாடிக்கே போய்விட்டேன்.

அப்போது எனக்கு ஏழு வயது, தங்கச்சி மீனாவுக்கு ஒன்று. மூன்று மாதமாக அவளுக்கு எடை ஏறவில்லை. அம்மா கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போய்விடுவதால், ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பாதான் கஞ்சி ஊட்டுவார்.

"அடுத்த மாசமும் ஏறலன்னா செங்கல்பட்டு ஆஸ்பத்திரில சேக்கணும்" என்றார் பால்வாடி டீச்சர்.

அப்பாவின் முகம் செத்துப்போனது. "வேளாவேளைக்கு குடுத்துகினுதான் கீறேன், மேடம்."

டீச்சர் நாங்கள் கொண்டுபோயிருந்த கஞ்சி டப்பாவைத் திறந்து, கஞ்சியை ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தார். மொத்தமும் சர்ரென்று வழிந்தது.

"இன்னா அண்ணாத்த, அரிசி கழுவுன தண்ணியா? வவுறு ரொம்புது, உடம்புல ஒட்டல."

"கெட்டியா குடுத்தா செரிக்காதுன்னு நெனச்சேன்."

"ஸ்பூன்ல நிக்கணும். கொஞ்சம் எண்ணெ, மசிச்ச முட்டை போடு. ஒரு நாளைக்கு அஞ்சு தபா குடு."

அன்றிலிருந்து அப்பா சவாரிக்கு நடுவிலேயே ஆட்டோவை எங்கள் தெருவுக்குள் திருப்புவார்.

"எங்க நைனா போற?" என்று பின்சீட்டில் இருப்பவர்கள் கத்துவார்கள்.

"கொயந்தைக்கு கஞ்சி டைம். பத்து நிமிசம்."

அடுத்த மாதம் தராசு முள் விறுவிறுவென ஏறியது. அப்பா நம்பவேயில்லை. "இன்னொரு தபா ஏத்து, மேடம்" என்று மூன்று முறை நிறுக்கவைத்தார். மூன்றாவது முறை மீனா கடுப்பாகி அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். வலியில் கண்ணீர் வர, அப்பா சிரித்துக்கொண்டே நின்றார்.

இன்று காலை, ரூம்மேட் கஞ்சியை இறக்குவதற்குள் மீனாவுக்குப் போன் போட்டேன்.

"கபடி பிராக்டிஸ்ல கீறேன், அப்பால பேசு" என்று கட் பண்ணிவிட்டாள்.